பை-டூ விதி

போன ஞாயிற்றுக்கிழமை காலை உன் கணவர் சேகர் வந்திருந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து என் மேசை மேல் வைத்தார். லேத் பட்டறையின் ஷட்டர் சாவி, ஸ்கூட்டர் சாவி, இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பாக உன் சாவி. கணினியில் செருகுகிற சாவி. ஏழு மாதம் பட்டறையிலேயே கிடந்ததால் அதன் மேல் கட்டிங் ஆயில் வாசனை ஏறியிருந்தது. அன்றிலிருந்து என் மேசையும் லேத் பட்டறையாக மணக்கிறது.

"இது இன்னா சாவின்னு தெரில சார். பாட்டு கீட்டு இருக்கும்னு நெனச்சி பட்டறை ரேடியோல சொருகிப் பார்த்தேன். ஒண்ணும் பாடல."

"பாடாது. அது கையெழுத்து."

"யாரு கையெழுத்து?"

"உங்க வீட்டம்மாவோடது. அவங்க சரின்னு சொன்னா, இதச் சொருகித்தான் சொல்லணும்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வூட்ல ஒரு வாட்டி சரின்னு சொன்னதில்ல. இதுல சொல்லுவாளா?" என்றார். பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல, "பாஸ்வேர்டு வேணும்னா சொல்லுங்க. பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருக்கா" என்றார்.

நீதான், பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்று ஓர் அரங்கம் நிறைய ஆட்களுக்கு நாற்பது நிமிடம் பாடம் எடுத்தவள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன்.

சேகர் காபி குடித்துவிட்டு ஷட்டர் சாவியையும் ஸ்கூட்டர் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். உன் சாவி இங்கேயே கிடக்கிறது. எனக்கு அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மல்லேஸ்வரத்தில் சம்பிகே ரோட்டை ஒரு நாளைக்கு நான்கு முறை நடந்து முடிக்கிறேன். பூக்காரர் என்னைப் பார்த்து, "டாக்டர் சொல்லிட்டாரா சார்?" என்று கேட்டுவிட்டார். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சாவியைச் செருகினால், ஒரு நிமிடத்தில் நான் நீயாகிவிடலாம். உன் பெயரில் ஒரே ஒரு ஒப்புதல் கொடுத்தால் போதும், ஏழு மாதமாக நின்றுபோன வேலை ஓட ஆரம்பித்துவிடும். கொடுக்கலாமா என்று உன்னைக் கேட்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன். பதில் வராது என்பது தெரியும். உயிரோடு இருக்கும்போதே உன் பதிலுக்கு மூன்று நாள் காத்திருந்து பழகியவன் நான்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு கம்பெனியில் நாம் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி கொண்டுபோவதற்காக அந்தக் கம்பெனி ஒரு மென்பொருளை வாங்கி வைத்திருந்தது. அது பெரும்பாலான செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டொன்று வழியில் காணாமல் போகும். விற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது, இரண்டொன்று போவது துறையில் வழக்கம்தான் என்று வண்ணப் படங்களோடு விளக்கினார்கள். எல்லோரும் தலையாட்டினோம். வெளியே வந்ததும் நீ மட்டும், "அந்த ரெண்டொண்ணு என்னுதா இருந்தா இன்னா குரு பண்றது?" என்றாய்.

அந்த வாரச் சனிக்கிழமையே நாம் சொந்தமாக ஒன்றை எழுதத் தொடங்கினோம். நீ ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்து வருவாய். மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் தெருவில், நின்றுகொண்டே காபி குடிக்கிற அந்தக் கடையின் எவர்சில்வர் மேசை மேல் மடிக்கணினியை வைப்போம். காபி எப்போதும் பை-டூ. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துக் கொடுப்பதற்கு இந்த ஊர் வைத்திருக்கும் பெயர் அது. உனக்கு வரும் டம்ளரில் ஒரு வாய் கூடுதலாக இருப்பதாக நானும், என்னுடையதில் இருப்பதாக நீயும் பன்னிரண்டு வருடம் நம்பினோம்.

நாம் எழுதியது எளிமையான விஷயம்தான். ஒரு நிரல் இன்னொரு நிரலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் நின்று கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள் அது. வழி அடைத்திருந்தால் காத்திருக்கும், திறந்ததும் ஓடும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். இலவசம் என்பதால் நிறைய பேர் எடுத்துக்கொண்டார்கள். திருத்தம் எழுதுவதற்கு உழைக்க வேண்டும் என்பதால் அவர்கள் புகார் எழுதி அனுப்பினார்கள். அதற்கு 'எட்டாவது கிராஸ்' என்று பெயர் வைத்தோம். ஜெர்மனியிலிருந்து ஒருவர், இது ஏதாவது கிறிஸ்தவ சபையோடு தொடர்புடையதா என்று மரியாதையாகக் கேட்டு எழுதினார். நீ, "ஏழாவதும் ஒன்பதாவதும்கூட இருக்கின்றன, ஆனால் அங்கே காபி சுமார்தான்" என்று பதில் போட்டாய். அவர் திருப்தியடைந்து இன்றுவரை திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

ஒரு பெரிய நிறுவனம் நம்முடைய எட்டாவது கிராஸைப் பயன்படுத்துவதை நாம் தெரிந்துகொண்டது அவர்களுடைய வக்கீல்கள் அனுப்பிய கேள்விப் பட்டியலிலிருந்துதான். உங்கள் பாதுகாப்புப் பிரிவில் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி. நீ நிரப்பினாய்: "இரண்டு பேர். ஒருவர் இப்போது காய்கறி வாங்கப் போயிருக்கிறார்." பேரிடர் ஏற்பட்டால் பணி தொடர என்ன ஏற்பாடு என்று அடுத்த கேள்வி. அதை மட்டும் காலியாக விட்டுவிட்டு, "இது உன் டிபார்ட்மெண்ட் குரு" என்று என் பக்கம் தள்ளினாய். நானும் காலியாகவே அனுப்பினேன். அவர்கள் அதை ஏற்றுக்கொண்டு, நன்றி தெரிவித்து, யாருக்கும் பொருந்தாத அளவில் இரண்டு டி-ஷர்ட் அனுப்பினார்கள்.

விதியை எழுதியவன் நான். ஒரு சனிக்கிழமை என்னிடம் காட்டாமல் நீ ஒரு மாற்றத்தைச் சேர்த்துவிட்டாய். எங்கெங்கோ இருந்த நிரல்கள் இரண்டு நாள் மூச்சுத் திணறின. எனக்கு வந்த கோபத்தில், இருவர் கையெழுத்தும் இல்லாமல் எந்த மாற்றமும் சேராது என்று எழுதி, அதை நம் நிரலை வைத்திருக்கும் இணையதளத்திலேயே பூட்டாகப் போட்டேன். காபியிலிருந்து எடுத்து 'பை-டூ விதி' என்று பெயரும் வைத்தேன். போலந்துக்காரர்களும் பிரேசில்காரர்களும் அர்த்தம் கேட்காமல் அந்தப் பெயரையே புழங்குகிறார்கள். விதியை மாற்ற வேண்டுமானாலும் இருவர் கையெழுத்து வேண்டும். கையெழுத்திடும் இருவரின் பெயர்ப் பட்டியலை மாற்ற வேண்டுமானாலும் இருவர் கையெழுத்து வேண்டும். ஓட்டை இல்லாமல் எழுதிவிட்டோம் என்று எனக்கு ஒரு பெருமை.

நீ படித்துப் பார்த்தாய். "நாளைக்கு நான் பஸ்ல அடிபட்டா?"

நம் தொழிலில் இதற்கென்றே ஒரு கணக்கு உண்டு என்று நான் விளக்கினேன். எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால் ஒரு வேலை நின்றுபோகும் என்று கேட்பார்கள். நம்முடையதில் ஒருவர் போதும்.

"ஹோசூர் ரோட்ல பஸ்ஸு எங்க குரு ஓடுது? நின்னுகினுதான கீது. அடிபடணும்னா நாமதான் ஓடிப்போயி அதும் மேல முட்டணும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாய்.

பஸ் வரவே இல்லை. மழை விட்ட பிறகு டெங்கு வந்தது. ஐந்து நாள்.

இப்போது உன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க உன் கையெழுத்து தேவை. இறந்தவர் நேரில் வந்து ஒப்பமிட வேண்டும் என்று கேட்கும் அரசாங்க அலுவலகங்களைப் பற்றி நான் எவ்வளவு கேலி பேசியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவர்கள்கூட ஒரு விண்ணப்பப் படிவம் வைத்திருப்பார்கள்.

உன் கையெழுத்துக்காக ஒன்பது மாற்றங்கள் நிற்கின்றன. எட்டு சில்லறை விஷயங்கள். ஒன்பதாவது என்னுடையது. நாம் மூன்று வருடம் சண்டை போட்டது அதற்காகத்தான்.

ஒரு நிரலை மூடுகிறபோது, அது அனுப்பிய செய்தி இன்னும் போய்ச் சேராமல் இருந்தால் என்ன செய்ய வேண்டும்? காத்திருக்க வேண்டும் என்றாய் நீ. எவ்வளவு நேரம் என்றேன். போய்ச் சேரும்வரை என்றாய். செய்தியை வாங்க வேண்டிய கணினி உடைந்து போயிருந்தால்? காத்திருக்க வேண்டும். அது உலகத்திலேயே இல்லாமல் போயிருந்தால்? "அது உனுக்கு எப்டித் தெரியும்?" என்றாய். எட்டாவது கிராஸ் அப்படித்தான் முடிவில்லாமல் காத்திருக்கும்படி எழுதப்பட்டது. முப்பது விநாடி காத்துவிட்டு மூடிக்கொள்ளலாம் என்று நான் ஒரு மாற்றம் எழுதினேன். நீ கையெழுத்துப் போடவில்லை.

காரணத்தை ஒரே ஒருமுறை சொன்னாய். பள்ளிக்கூட நாட்களில் ஸ்ரீராம்புரத்தில் சீமெண்ணெய் வரிசையில் உன்னைத்தான் நிறுத்துவார்களாம். உனக்கு முன்னால் நான்கு பேர் இருக்கும்போது மணி ஐந்தாகும், கவுண்டர் கதவு இறங்கும். "மூடறவனுக்கு எப்பவும் டைம் லிமிட் இருக்கும் குரு. நிக்கறவனுக்குத்தான் இருக்காது. நம்ம கவுண்டரு அப்டி மூடக் கூடாது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? இது உணர்ச்சி, பொறியியல் அல்ல என்றேன். நீ உன் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சேகருக்கு சோறு கொண்டுபோவணும்" என்று அடுகோடிப் பட்டறைக்குப் புறப்பட்டுவிட்டாய். சனிக்கிழமைகளில் நீ எப்போதும் அப்படித்தான் பத்து மணிக்குப் புறப்படுவாய். அது சண்டையை முடித்துக்கொள்ள நீ கண்டுபிடித்த தந்திரம் என்று நினைத்திருந்தேன்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, மூன்று வருடக் கோபத்தையும் சேர்த்து உனக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நீண்ட செய்தி இல்லை. "ஒப்புதல் தராவிட்டால் வழியை விடு." அன்று காலைதான் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எனக்குத் தெரியாது. சனிக்கிழமை சேகரின் தம்பி போன் செய்து, நீ போய்விட்டதைச் சொன்னபோது நான் எட்டாவது கிராஸில்தான் இருந்தேன். பை-டூ சொல்லியிருந்தேன். இரண்டு டம்ளரும் வந்திருந்தன.

நீ அதைப் படித்தாயா என்பது எனக்குத் தெரியாது. இந்த ஏழு மாதமும் எனக்கு இருக்கை கொள்ளாததற்கு அதுதான் காரணம். மற்றதெல்லாம் அலுவலகக் காரணங்கள்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். திருத்தம் அனுப்புகிறவர்கள் உன்னைப் பற்றிக் கேட்டார்கள். நான், "அவர் விடுப்பில் இருக்கிறார்" என்று எழுதினேன். அன்றைக்கு வேறு சொற்கள் வரவில்லை. மறுநாள் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள், உனக்கு நல்ல விடுமுறை அமையட்டும் என்று பதினொரு பேர் வாழ்த்தியிருந்தார்கள். போலந்துக்காரர் ஒருவர், "அவருக்கு இந்த ஓய்வு மிகவும் தேவை, தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள்" என்று எனக்கே அறிவுரை சொல்லியிருந்தார். அதன் பிறகு உண்மையைச் சொல்வது ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக அநாகரிகமாகிக்கொண்டே போனது. தளமும் தன் பங்குக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் உனக்கு நினைவூட்டல் அனுப்புகிறது, எனக்கு ஒரு நகலோடு. 'ஒன்பது மாற்றங்கள் உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கின்றன.'

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். சிவமொக்காவிலிருந்து சைத்ரா என்ற பெண் எழுதியதால் அது முடியாமல் போனது. அவள் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு அழைப்பு மணி அமைத்துக் கொடுத்திருக்கிறாள். நோயாளி கட்டிலில் இருக்கும் பொத்தானை அமுக்கினால், நர்சுகள் அறையில் இருக்கும் திரையில் கட்டில் எண் வரும். நடுவில் செய்தி கொண்டுபோவது நம்முடைய எட்டாவது கிராஸ். பழைய திரை பழுதாகி வேறு திரை வைத்தார்கள். மணிப் பெட்டியில் ஓடும் நிரலை மூடித் திறந்தால் புதுத் திரையோடு பேச ஆரம்பித்துவிடும். ஆனால் அது மூட மறுத்தது. பழைய திரைக்கு அனுப்பிய கடைசிச் செய்தி போய்ச் சேரவில்லையே, அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்தத் திரை அதற்குள் காயலான் கடைக்குப் போய்விட்டது. நீ எழுதியபடியே விசுவாசமாகக் காத்திருந்த நேரத்தில் ஒரு பெரியவர் பாத்ரூம் போக வேண்டி முக்கால் மணி நேரம் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார். அவர் மகன் வந்து போட்ட சத்தத்தில் சைத்ராவைக் கூப்பிட்டார்கள். அவள் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினாள். இப்போது மாதத்துக்கு இரண்டு தடவை யாராவது பிளக்கைப் பிடுங்க வேண்டியிருக்கிறதாம்.

"உங்களுடைய முப்பது விநாடி மாற்றத்தைப் பார்த்தேன். மேடம் விடுப்பிலிருந்து எப்போது வருவார்?" என்று முடித்திருந்தாள்.

அந்தக் கடிதம் வந்தது வெள்ளிக்கிழமை. சேகர் சாவி கொண்டுவந்தது ஞாயிற்றுக்கிழமை. இந்த மாதிரிப் பொருத்தங்களை நான் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை மாலை சேகருக்கு போன் செய்து பாஸ்வேர்டு கேட்டேன். அவர் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பாஸ்வேர்டு என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன். சேகரைப் பற்றிய ஒரு முழு நீள வசவு அது என்று மட்டும் சொல்லலாம். அவரே நிறுத்தி நிதானமாக ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். கடைசியில், "இத தெனம் ரெண்டு வாட்டி அடிச்சிகினு இருந்தாளா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். "செரி" என்றார்.

உன் சாவியைச் செருகினேன். உன் பெயர் திரையில் வந்தது. என்னுடைய மாற்றத்தைத் திறந்தேன். ஒப்புதல் பொத்தானுக்கு மேலே நாம் வைத்த அந்தச் சின்னக் கட்டம் இருந்தது: 'இதை நானே சோதித்துப் பார்த்தேன்.' அதில் குறி வைத்தால்தான் பொத்தான் அமுங்கும். உன் மாற்றங்களுக்கு நான் அந்தக் குறியை எப்படி வைப்பேன் என்று உனக்குச் சொன்னதில்லை. படித்துப் பார்ப்பேன், நன்றாக இருப்பதுபோல் தோன்றும், வைத்துவிடுவேன். அதே போல வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மேலே உன் பெயர் இருந்தது. நீ எப்படிச் சோதிப்பாய் என்றே எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. மறுபடி சேகருக்கு போன் செய்தேன்.

"அவங்க வீட்ல வேற கம்ப்யூட்டர் ஏதாவது வச்சி டெஸ்ட் பண்ணுவாங்களா?"

"வூட்ல எங்க சார். சனிக்கெழம பட்டறைக்கித்தான் வருவா. சோறு ஒரு சாக்கு."

செவ்வாய்க்கிழமை அடுகோடிக்குப் போனேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. லேத்துக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு கிழட்டுக் கணினி. சேகர் அதன் பின்பக்கத்திலிருந்து வரும் வயரைக் காட்டினார்.

"இத புடுங்குவா, மாட்டுவா. புடுங்குவா, மாட்டுவா. நான் இங்க போல்ட்டுக்கு நூல் வெட்டிகினு இருப்பேன். 'எண்ணு'ம்பா. எண்ணுவேன். ஒரு நாளு நூத்திப் பத்து வாட்டி சார். பக்கத்துக் கடைக்காரன் வந்து, உம் பொண்டாட்டிக்கு ஏதாச்சும் பேஜாரான்னு கேட்டான்."

"எதுக்குன்னு நீங்க கேக்கலையா?"

"கேட்டேனே. 'குரு ஒண்ணு எழுதிக் குடுத்துக்கிறான், சாவுதா பொழைக்குதான்னு பாக்கறேன்'னா."

"பொழைக்குமா?"

சேகர் மரியாதையான மனிதர். கொஞ்சம் யோசித்தார். "பாதி வாட்டி சாவும் சார்."

நீ மூன்று நாள் பதில் போடாமல் இருந்ததும், பிறகு 'இந்த வரியை மறுபடி பார்' என்று ஒற்றை வரி எழுதியதும், அது உன் பிடிவாதம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததும் வரிசையாக நினைவுக்கு வந்தன. எனக்கு அந்த இடத்திலும் உட்கார முடியவில்லை. உட்கார ஸ்டூலும் இல்லை.

என் மடிக்கணினியை அதோடு இணைத்து, முப்பது விநாடி மாற்றத்தை ஓட்டினேன். என்னுடையதிலிருந்து ஒரு செய்தி அனுப்பிவிட்டு, சேகரைக் கிழட்டுக் கணினியின் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னேன். என் நிரல் முப்பது விநாடி காத்தது. கண்ணியமாக மூடிக்கொண்டது. பட்டறைக் கணினி முக்கி முனகிக் கண் திறக்க நான்கு நிமிடம் ஆனது. திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை.

"வந்துச்சா சார்?"

"வரல."

"அப்ப எங்க போச்சி?"

"எங்கயும் போகல. டைம் ஆயிடுச்சின்னு தூக்கிப் போட்டாச்சி."

"அனுப்புனவன்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

சேகர் கையைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். படித்தவர்களைப் பார்க்கும்போது அவர் வைத்துக்கொள்ளும் பொறுமையான முகம். "இது நல்லா கீதே. நான் ஒரு ஜாப்பு எடுத்தேன்னு வைங்க. முடியலன்னா கஸ்டமர்கிட்ட திருப்பிக் குடுத்து, முடியலப்பா, வேற எடம் பாருன்னு சொல்லுவேன். முடியற வரைக்கும் கடைய தொறந்து வச்சிகினே குந்தினு இருக்க மாட்டேன். குப்பைல போட்டுட்டு ஷட்டர இழுத்துகினும் போவ மாட்டேன்."

மூன்று வருடம். எத்தனை சனிக்கிழமைகள், எத்தனை அரை டம்ளர் காபி. நீ கவுண்டரை மூடவே கூடாது என்றாய். நான் மூடிவிட வேண்டும் என்றேன். நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மூடலாம் என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை. பக்கத்திலேயே நூல் வெட்டிக்கொண்டிருந்த மனிதரை நாம் யாரும் கேட்கவும் இல்லை.

கிளம்பும்போது, ஏழு மாதமாகக் கேட்க முடியாததைக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் உன் போன் உன்னிடம் இருந்ததா என்று.

"இருந்திச்சி. மொத நாளு பாத்துகினுதான் இருந்தா. அப்பறம் சார்ஜ் எறங்கி அப்டியே கெடந்துச்சி. ஏன் சார், ஏதாச்சும் அனுப்பினீங்களா?"

"ஆமா."

"முக்கியமானதா?"

"இல்ல" என்றேன். விடுப்புக்குப் பிறகு நான் சொன்ன இரண்டாவது பொய். அந்தப் போன் இப்போது எங்கே என்றும் கேட்டேன். பழுது பார்க்கக் கொடுத்து, அவர்கள் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிக் கொடுத்துவிட்டார்களாம்.

மூன்று நாளில் மாற்றத்தைத் திரும்ப எழுதினேன். இப்போது எட்டாவது கிராஸ் மூடும்போது ஐந்து நிமிடம் காத்திருக்கும். ஏன் ஐந்து என்று கேட்கிறவர்களுக்காக, அடுகோடியில் ஒரு கணினி எழுந்திருக்க நான்கு நிமிடம் ஆகிறது என்று விளக்கக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்குள் போய்ச் சேராததை அது தூக்கிப் போடாது. அனுப்பியவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, சேரவில்லை என்று சொல்லும். பிறகுதான் மூடும். சிவமொக்காவில் இனி பெரியவர் பொத்தானை அமுக்கி, அது போய்ச் சேராவிட்டால், வராந்தாவில் சிவப்பு விளக்கு எரியும்.

கையெழுத்து மட்டும் பாக்கி. இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பூட்டைப் போட்டவன் நான். தளத்தில் கணக்கைத் தொடங்கியவனும் நான். உரிமையாளருக்கு என்று அங்கே ஒரு பொத்தான் இருக்கிறது. எந்த விதியையும் அது ஒரே அமுக்கில் நிறுத்திவைக்கும். முதல் நாளிலிருந்து இருந்தது. இறந்தவரின் கையெழுத்து, ஓட்டையில்லாத விதி என்றெல்லாம் மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, ஏழு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட கதை அது. அந்தப் பொத்தானை அமுக்கினால், எதற்காக அமுக்கினேன் என்று காரணம் எழுதச் சொல்லும். அந்தக் காரணத்தை எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

சனிக்கிழமை காலை எழுதினேன். உன் சாவியைத் தொடவில்லை. பொத்தானை அமுக்கி, காரணம் கேட்ட இடத்தில், நீ இறந்துவிட்டாய் என்று எழுதினேன். எப்போது என்றும், விடுப்பு என்று நான் சொன்னது பொய் என்றும் எழுதினேன். பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்தேன். காத்திருந்த மற்ற எட்டு மாற்றங்களையும், 'அவரிடம் சேரவில்லை, மன்னிக்கவும்' என்று சொல்லி அனுப்பியவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன். பதில்கள் வந்தன. வாழ்த்துச் சொன்ன பதினொரு பேரும் எழுதினார்கள். போலந்துக்காரர் நீண்ட நேரம் கழித்து ஒரே வரி எழுதினார்: "அவருடைய டெஸ்ட்டில் மட்டும் என் திருத்தம் நான்கு தடவை தோற்றது."

பை-டூ விதிக்கு இரண்டாவது டம்ளர் வேண்டுமே. சைத்ராவைக் கேட்டேன். சரி என்றாள். முதல் வேலையாக என் மாற்றத்தை அனுப்பி வைத்தேன். ஒரு வார்த்தையும் ஓர் அழுமுகக் குறியும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் போன் வந்தது, கன்னடத்தில்.

"சார், டெஸ்ட் மாடிதே. ஃபெயில் ஆயித்து." சோதித்தாளாம், தோற்றுவிட்டதாம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனால், திருப்பிக் கொடுக்க வேண்டிய செய்தியும் காணாமல் போகிறதாம். "நம்மூரல்லி கரெண்ட் ஹாகேனே சார் ஹோகோது." அவள் ஊரில் மின்சாரம் அப்படித்தான் போகுமாம்.

எனக்கு வந்த கோபம் பத்து நிமிடம் இருந்தது. பழக்கமான கோபம். பிறகு உட்கார்ந்தேன். இத்தனை நாளில் முதல் தடவையாக நாற்காலியில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து அதைச் சரிசெய்தேன். அடுகோடிக்குப் போய் நானே வயரைப் பிடுங்கினேன். சேகர் எண்ணினார். நேற்று சைத்ரா கையெழுத்துப் போட்டாள்.

உன் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சேகர் வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே வச்சிக்கோங்க சார். பாடாத சாமானு எனக்கு எதுக்கு?" என்றார். என் வீட்டுச் சாவியோடு மாட்டியிருக்கிறேன். இனி அது எதையும் திறக்காது. எண்ணெய் வாசனை மட்டும் இன்னும் போகவில்லை.

விட்டு விட்டு எழுதும் இந்தக் கடிதத்தைத் தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது; இன்று திங்கட்கிழமை. உனக்கு நினைவூட்டல் போகவில்லை, எனக்கு நகலும் வரவில்லை. உன் பெயரில் காத்திருந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஒன்றைத் தவிர. நான் வியாழக்கிழமை அனுப்பியது. நீ படித்திருந்தால், நான் சொன்னபடியே வழியை விட்டுவிட்டாய் என்று ஆகிறது. படிக்காமலிருந்தால், அது போய்ச் சேராத செய்தி. நான் எழுதிய புது விதிப்படி, ஐந்து நிமிடம் முடிந்ததும் அதை நான் என் கையில் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்த ஒரு செய்தியில் மட்டும் நீ எழுதிய பழைய வரியை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். அதில் நேர வரம்பு இல்லை. உனக்கு அது தெரியும், எழுதியவள் நீதான்.